நத்தை ஓட்டின் வெள்ளை நுனி

குளத்து நத்தைகளின் ஓடு நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. காரணம் என்னவென்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கறுப்பாக இருக்க வேண்டிய ஓடு முதலில் சாம்பல் நிறமானது. பிறகு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது. விரலால் அழுத்தினால் நொறுங்கியது. அதே மாதம் தலைப்பிரட்டைகளைக் காணவில்லை. தவளைகள் கத்துவதை நிறுத்தின. தவளைக்காக வந்துகொண்டிருந்த தண்ணீர்ப்பாம்பும் வரவில்லை.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். லிஃப்ட் நின்றுவிட்டால் யாரையும் எதையும் சந்தேகிப்பதில் பயனில்லை. சரியாக இருப்பவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தால், கெட்டுப்போனது தானாக மிஞ்சும். குளத்தையும் அப்படியே பார்க்கலாம் என்று நினைத்தேன்.

கிள்ளான் நகரத்தில் எங்கள் வீடு வரிசையின் கடைசி வீடு. அதனால் பின்னால் கொஞ்சம் நிலம் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் நானும் பக்கத்து வீட்டு சுகுமாறனும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தோண்டி, கறுப்பு ரப்பர் விரிப்புப் போட்டு அந்தக் குளத்தை உண்டாக்கினோம். ஒரு பக்கம் தொடையளவு ஆழம். மறுபக்கம் கல் அடுக்கிச் சரிவாக்கினோம், எந்தப் பிராணியும் இறங்கி ஏறலாம். வேலிக்கு அடியில் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விட்டேன். ஓரத்தில் பழைய மரக்கட்டைகளைக் குவித்தேன். கொசுப்புழுவைத் தின்னக் கப்பி மீன்களை மட்டும் வாங்கி விட்டேன். மற்றவை எல்லாம் தாமாக வந்தன. முதல் வாரத்தில் தும்பி, முதல் பெருமழையில் தவளை, மூன்றாம் மாதம் நீர்க்கோழி, கடைசியில் பாம்பு. பாம்பு கடைசியில்தான் வரும். அதற்குத் தவளை வேண்டும், தவளைக்குப் பூச்சி வேண்டும், பூச்சிக்கு நல்ல தண்ணீர் வேண்டும். பாம்பு வந்துவிட்டால் கீழே எல்லாம் சரியாக ஓடுகிறது என்று பொருள்.

"சிரிலு பாம்புக்கு பங்களா கட்டிக் குடுத்திருக்கான் லா" என்று சுகுமாறன் என்னைப் பற்றித் தெரு முழுக்கச் சொன்னான். என் மனைவி ஆட்ரி சிரித்தாள். அந்தப் பாம்புக்கு 'மிஸ்டர் லிம்' என்று பெயர் வைத்ததும் அவள்தான். சொல்லாமல் கொள்ளாமல் பின்பக்கமாக வந்து எட்டிப் பார்க்கும் எங்கள் பழைய வீட்டுச் சொந்தக்காரரின் பெயர் அது.

இப்போது கப்பி மீன்களும் ஒவ்வொன்றாக மிதக்க ஆரம்பித்தன. மீன் போனால் கொசு வரும். கொசுப்புழு இருந்தால் சுகாதார இலாகாக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், குளத்தை மூடச் சொல்வார்கள். அது நியாயமும்கூட. எனவே காரணத்தைச் சீக்கிரம் பிடித்தாக வேண்டும்.

மீன் கடையில் ஒருவகைத் தாள் விற்கிறார்கள். தண்ணீரில் முக்கினால் நிறம் மாறும். ஏழு என்று காட்டினால் நல்லது, எண் குறையக் குறையத் தண்ணீரில் புளிப்பு அதிகம். நத்தை ஓடு சுண்ணாம்பு. புளிப்பு அதைக் கரைக்கும். குளத்தில் முக்கினேன். ஐந்து.

புளிப்பு எங்கிருந்து வருகிறது? குழாய்த் தண்ணீரா? முக்கினோம், ஏழு. மழையா? இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் அதிகம், மழையே கொஞ்சம் புளிப்புதான். ஆகவே ஒரு வாளியில் குழாய்த் தண்ணீரும் நான்கு நத்தைகளும் போட்டு, திறந்த வெளியில் வைத்தோம். ஐந்து வாரம் அதே மழை அந்த வாளியிலும் பெய்தது. நத்தைகள் கறுப்பாகவே இருந்தன. காரணம் மழை இல்லை.

'முக்கினோம்', 'வைத்தோம்' என்று எழுதுகிறேன். ஐந்து ஞாயிறும் மாதா கோயிலிலிருந்து திரும்பியதும் ஆட்ரி செருப்பைக்கூட மாற்றாமல் என்னுடன் பின்பக்கம் வருவாள். தாளை அவள் பிடிப்பாள். நான் நேரம் பார்ப்பேன். அவள் நிறத்தைப் படித்துச் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். "பாவங்க, இன்னிக்கும் ரெண்டு மீனு" என்பாள்.

ஆறாவது வாரம்தான் எனக்குத் தோன்றியது: ஒரே இடத்தில் ஏன் முக்குகிறேன்? மழை விட்டதும் நான்கு மூலைகளிலும் முக்கினேன். மூன்று மூலைகளில் ஐந்து. சமையலறைச் சுவர்ப்பக்கம் இருந்த மூலையில் நான்கு. அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ வழிந்து வருகிறது. சுவரோரமாகத் தவழ்ந்துபோய்ப் பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். ஒவ்வொரு தொட்டிக்கும் பின்னால் மஞ்சள் நிறத்தில் ஏதோ தூள், கோடு போட்டதுபோல. ஒரு சிட்டிகை எடுத்துக் கொளுத்தினேன். நீல நெருப்பு, மூக்கை அறுக்கும் புகை. பெலெராங். கந்தகம்.

பாம்பு வராது என்று இங்கே பாதி வீடுகளில் அதைத்தான் தூவுகிறார்கள். பாம்பு அதைச் சட்டை செய்வதில்லை, அதன்மேலேயே ஊர்ந்து போகும். ஆனால் ஈர மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அமிலமாக்கும். மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். எங்கள் வீட்டில் அது போன இடம் குளம்.

சுகுமாறன் வேலிக்கு அந்தப் பக்கம் காரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"டேய், எங்க வீட்டுப் பக்கம் பெலெராங் போட்டியா?"

"நான் ஏன்டா உன் வீட்டுல போடறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

"அப்ப யாரு?"

அவன் ரப்பர் குழாயை மூடினான். மூடிய பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்கிக் குடுத்தது நான்தான். ரெண்டு வாரத்துக்கு ஒரு பாக்கெட்டு. போட்டது யாருன்னு என்னைக் கேக்காதே லா. உள்ள போய்க் கேளு."

"குளம் வெட்டறப்ப கல்லு தூக்கினவன்டா நீ."

"ஆமா. உன் வீட்டுக்காரி அழுவுறப்ப நான் என்ன செய்றது, சொல்லு?"

ஆட்ரி துணி துவைக்கும் இடத்தில் இருந்தாள். நான் கேட்கவில்லை. மஞ்சள் படிந்த விரலைக் காட்டினேன்.

"மார்ச் மாசம் மெஷினுக்குப் பின்னால இருந்துச்சு" என்றாள். "உங்க மிஸ்டர் லிம். என் கால்மேல ஏறிப் போச்சு. துடைப்பத்தால தள்ளித் தள்ளி வெளிய விட்டேன். நீங்க ஷா ஆலத்துல வேலையா இருந்தீங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீங்க? விஷம் இல்லாத பாம்பு, அது ஏன் உள்ள வந்துச்சு, அதுக்கு நாக்கு எதுக்கு, எல்லாம் விளக்குவீங்க. எனக்கு விளக்கம் வேணாங்க. பயமா இருந்துச்சு."

"சரி. தாள் பிடிச்சியே, அஞ்சு வாரம். உன் தூளுதான் காரணம்னு எப்பத் தெரிஞ்சுது?"

அவள் ஒரு சட்டையை உதறி, மடித்து, மறுபடியும் உதறினாள்.

"மூணாவது வாரம்."

"அதுக்கப்புறமும் போட்டியா?"

"போட்டேன்."

"வந்து நின்னு, பாவங்கன்னு சொன்னியே."

"பாவமாத்தான் இருந்துச்சு."

நான் கோபப்படவில்லை. கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். முப்பது வருடங்களாக மற்றவர்கள் வீட்டுப் பிழைகளைத் தேடியவன் நான். பிழைக்குக் காரணமானவள் என் பக்கத்தில் நின்று எண்களை வாசித்திருக்கிறாள். அந்த எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. அவள் ஒரு தடவைகூடத் தப்பாகப் படிக்கவில்லை.

அன்றைக்கு நான் எதையும் விளக்கவில்லை. துணி மெஷினை இழுத்துப் போட்டுப் பின்னால் பார்த்தேன். கழிவுநீர்க் குழாய் போகும் இடத்தில் சுவரில் ஒரு துளை, குழாயைவிட இரண்டு விரல் பெரிது. பின்கதவுக்கு அடியிலும் ஒன்றரை விரல் சந்து. பாம்பு வந்த வழி இரண்டில் ஒன்று. மார்ச் மாதம் அவள் சொல்லியிருந்தால், அன்றைக்கே அரை மணி நேர வேலை.

அடுத்த வாரம் கடல் உணவுக் கடையில் கேட்டு மூன்று சாக்குக் கெராங் சிப்பி ஓடு வாங்கி வந்தேன். நத்தை ஓட்டைப் போலவே கெராங் ஓடும் சுண்ணாம்புதான். அமிலம் வரும் வழியில் போட்டால், நத்தைக்குப் பதிலாக அது கரையும். சுகுமாறன் மண்வெட்டியோடு வேலியருகே வந்து நின்றான். நான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

ஆட்ரி மன்னிப்புக் கேட்டாள். நான் தலையாட்டினேன், 'பரவால்ல' என்று சொல்லவில்லை. பொய் சொல்ல இந்த வீட்டில் இன்னொரு ஆள் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை தாளை இப்போது நானே முக்கி நானே படிக்கிறேன். சமையலறை ஜன்னலிலிருந்து அவள் பார்க்கிறாள் என்று தெரியும். போன வாரம் ஏழு. நேற்று காலை மரக்கட்டைகளுக்கு அடியிலிருந்து தண்ணீர்ப்பாம்பு தலையை நீட்டியது. நான் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வீட்டுக்குள் அது வரவில்லை, வரவும் முடியாது.

செய்தது இவ்வளவுதான்: குழாய்த் துளைக்குக் கம்பி வலை வைத்துச் சிமெண்ட் பூசினேன், கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடித்தேன், சுவரோரத்து மஞ்சள் மண்ணை ஒரு அடி ஆழம் வெட்டி எடுத்துவிட்டு அந்த இடம் முழுக்கக் கெராங் ஓட்டை நிரப்பினேன்.