வரைபடத்துக்குக் கீழே இருந்த பக்கம்

வாசகர்கள் வரைபடம் கேட்டு என் உயிரை எடுத்தார்கள். இணையத்தில் தினம் ஓர் அத்தியாயமாக நான் எழுதும் ராணி கதையில் எந்த ஊர் எங்கே இருக்கிறதென்று ஒருவருக்கும் புரியவில்லையாம். ஒழியட்டும் என்று, கதைக்குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் செயலியில் வரைபடம் இருக்கும் 'நாடு' என்ற பக்கத்தின் இணைப்பைப் பொதுவில் போட்டுவிட்டு, ராமியோன் நூடுல்ஸுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கப் போனேன்.

திரும்பி வந்தால் போன் ஓயாமல் அலறுகிறது.

"ஐயோ, ராணி செத்துடுவாங்களா?"

"எழுத்தாளரே, முடிவை நீங்களே போட்டு உடைச்சிட்டீங்களே!"

அப்போதுதான் புரிந்தது. அந்தச் செயலியில் பக்கத்துக்குள் பக்கமாக அடுக்கலாம். மேல்பக்கத்தைத் திறந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் திறந்துகொள்ளும். நாட்டுக்குள் அரண்மனை, அரண்மனைக்குள் ராணி. இத்தனை வருஷமாக இதே பிழைப்பு, இதுகூட உறைக்காத முண்டம் நான்.

கதை நாசமாய்ப் போகட்டும். ராணியின் பக்கத்தில் இன்னொன்றும் எழுதி வைத்திருந்தேனே. 'அக்காவுக்கு வந்த அதே வயிற்றுப் புற்று. டாக்டர் சொன்னபடி இன்னும் ஆறு மாதம். அக்காவிடம் சொன்னதுபோலவே ராணியிடமும் வெறும் புண் என்கிறார்கள்.'

டேஜான் நகரில் இருக்கும் என் அக்கா ஹே-வொனுக்கு இது தெரியாது. டாக்டர், அத்தானைத் தனியே அழைத்துத்தான் சொன்னார். தெரிந்தால் மனம் உடைந்துவிடுவாள் என்று குடும்பமே கூடிப் பேசி மறைத்தோம். எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

பதறிப்போய் இணைப்பை மூடினேன். நான் எது போட்டாலும் முதலில் படிப்பவள் அக்கா. மூடிய கையோடு அவளே கூப்பிட்டாள்.

"சே-ரின், மேப் பார்த்தேன்டி. நல்லாத்தான் வரைஞ்சிருக்கே."

"அக்கா, அந்த ராணி... அது சும்மா கதைக்காக..."

"எங்கிட்டயே கதை விடாதே. உங்க அத்தான் திடீர்னு பாத்திரமெல்லாம் கழுவ ஆரம்பிச்சாரே, அப்பவே நினைச்சேன்."

குரலில் அழுகையே இல்லை. நான்தான் அழுதேன்.

"மன்னிச்சிடுக்கா..."

"அழுகைய அப்புறம் வச்சுக்கோ. ஆறு மாசம்னு போட்டிருக்கியே, அத எப்ப எழுதினே?"

"அடுப்புல தண்ணி கொதிக்குதுக்கா..."

"சொல்லித் தொலைடி!"

"ஏப்ரல்ல."

அவள் வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். நடக்கும் மாதமான செப்டம்பர் வந்ததும் நிறுத்திவிட்டாள். மிச்சம் ஒரே மாதம்.