சீவரத்தினத்தின் நாற்பத்தொரு கிழமைகள்

சீவரத்தினம் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்துப்போனான் என்று குகதாசனின் கைபேசி சொன்னது. மார்கழி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அரியாலையில் வீட்டு முன்பக்கம் இருக்கும் தன் சைக்கிள் கடையில், மடியில் சில்லை வைத்துச் சக்கரத்தின் ஆரக்கம்பிகளை இறுக்கிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். அதெப்படிச் சாவான்? போன ஞாயிறுதானே சீவரத்தினம் பஸ்ஸில் டவுனுக்குப் போய், கேட்காமல் கொள்ளாமல் கையைப் பிடித்து இழுத்த கொண்டக்டரை நன்றாக வாங்குவாங்கென்று வாங்கினான்?

கைபேசியைப் பேச வைத்தவள் குகதாசனின் தங்கை மகள் நிரோஜா. முதல்நாள் பின்னேரம் வந்து, "இனி நீங்களே எல்லாம் வாசிக்கலாம் மாமா. கடுதாசியைக் கமராவுக்கு முன்னாலை பிடிச்சாலும் வாசிக்கும்" என்று பழக்கிவிட்டுப் போனாள். கண் தெரியாத மனிதனுக்குக் கிடைத்த முதல் சுதந்திரத்தில் குகதாசன் இணையத்தில் தேடிப் போனது ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் சீவரத்தினத்தின் தொடர்கதையைத்தான். மனைவி தர்சினி வாராவாரம், கிழமை தவறாமல் வாசித்துக்காட்டியதுதான். ஆசைக்கு முதலிலிருந்து இன்னொரு தரம் கேட்போமே என்று நினைத்தான். நாலாம் கிழமைக் கடைசி வரியிலேயே ஆள் முடிந்துபோனான். அதற்குப் பிறகு கதை முழுக்கத் தம்பிக்காரனின் காணி வழக்கு. சீவரத்தினத்தின் பேச்சே இல்லை.

தர்சினி வாசித்தது நாற்பத்தைந்து கிழமை. அப்படியென்றால் நாற்பத்தொரு கிழமை அவள் வாயிலிருந்து வந்தது.

சலரோகம், அந்தச் சீனி வியாதி, இரண்டு கண்ணையும் கொண்டுபோன புதிதில் குகதாசன் கட்டிலை விட்டு எழும்பவில்லை. எழுப்பியவன் சீவரத்தினம். கண் தெரியாமல் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். ஸ்பனர்களை அளவு வாரியாக ஆணியில் தொங்கவிட்டுத் தடவித் தடவி எடுத்தான் என்று தர்சினி வாசித்த மறுநாள், குகதாசன் சுவரில் ஆணி அடித்துத் தரச் சொன்னான். "உவன் செய்யிறான், எனக்கு என்ன வந்தது?" என்று கடையைத் திறந்தான். வந்து போகிறவர்களுக்கெல்லாம் சீவரத்தினத்தின் சங்கதிதான். "ஓம் அண்ணை, ஓம்" என்று அவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்தப் பேப்பரை வாங்காத வீடு அந்த ஒழுங்கையில் உண்டா? ஒருவராவது வாய் திறந்தாரா? நினைக்க நினைக்க அவனுக்குக் காது சுட்டது.

சித்திரையில் ஒரு நாள் குகதாசன் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தான். அந்த ஞாயிறு சீவரத்தினமும் தட்டை எறிந்தான். அவன் பெண்சாதி சோற்றை அள்ளி எடுத்துக்கொண்டு அழுதாள். "மனுசனோ உவன், மிருகம்!" என்று குகதாசன் ஏசினான். தர்சினி பேப்பரைத் திருப்பினாள். என்ன நடிப்பு! அவனைக் கொண்டே அவனை ஏசவைத்திருக்கிறாள்.

அது போகட்டும். வைகாசியில் கண் கிளினிக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதையும் அவள்தான் வாசித்தாள். வலது கண்ணுக்கு இன்னும் வழி இருக்கிறது, தை மாதம் ஒப்பரேசனுக்கு வரட்டாம் என்று வாசித்தாள். அன்றிலிருந்து அவன் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். தைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

தர்சினி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"சீவரத்தினம் எப்ப செத்தவன்?"

கோப்பையை மெல்ல மேசையில் வைத்தாள். "நிரோஜா சொன்னவளோ?"

"போன் சொன்னது. எப்ப?"

"மாசியிலை" என்றாள். "நீங்கள் அப்ப படுத்த படுக்கை. கண் தெரியாதவன் கிணத்துக்கை விழுந்தானெண்டு உங்களுக்கு வாசிக்கிறதோ? எங்கடை வளவுக்கையும் கிணறு இருக்கு."

குகதாசனுக்கு அந்தப் பதில் விளங்கியது. விளங்கியும் ஆத்திரம் அடங்கவில்லை. எங்கேயோ இருக்கிற, தன்னை யாரென்றே தெரியாத ஒரு எழுத்தாளன் தன்னைப்போல ஒருவனை நினைத்துப் பார்த்திருக்கிறான் என்ற நம்பிக்கையில்தான் அவன் எழும்பி நடந்தான். இப்போது பார்த்தால் அப்படி ஒருவனும் இல்லை. வீட்டுக்குள் இருந்த இரக்கம்தான் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறது. சிநேகிதன் ஒருத்தனைப் பறிகொடுத்ததுபோல இருந்தது.

"நீர் என்னை ஏமாத்திப்போட்டீர்."

"ஓம்" என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

"கண் கிளினிக் கடிதத்தைக் கொண்டாரும்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வெளியே மழை துமித்தது. யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"நான் வாசிக்கட்டோ?"

"வேண்டாம்."

உள்ளே அலுமாரிக் கதவு திறந்து மூடியது. ஒரு கடிதம் எடுக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. திரும்பி வந்து அவன் முன்னால் நின்று மடிப்பை விரித்தாள். குகதாசன் நிரோஜா காட்டித் தந்தபடி விரலால் தட்டிக் கைபேசியை நிமிர்த்திப் பிடித்தான். கண்ணாடி போட்ட பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல அந்தக் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் தொடங்கியது.

"கடிதம் தெரிகிறது. தெளிவாக இல்லை. தாளை அசையாமல் பிடிக்கவும்."

"அசையாமல் பிடியுமன்" என்றான் குகதாசன்.

"பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன்."

தாள் சலசலத்தது. அவன் கைபேசியை இன்னும் கிட்டக் கொண்டுபோனான்.

"தாளை அசையாமல் பிடிக்கவும்" என்றது குரல். சற்றுப் பொறுத்து, அதே மாதிரி, திரும்பவும், "தாளை அசையாமல் பிடிக்கவும்."