காதுக்கு மட்டும் கேட்ட இருமல்

“கொஞ்சம் ஆடாம நில்லுங்கண்ணே. பேருதான் சிங்கம். கழுத்துல கை வச்சா பூனைக்குட்டி மாதிரி நெளியறீங்க.”

சொன்னவள் நாடகக் குழுவின் ஒலியமைப்பாளர். குழுவில் அவளை எல்லோரும் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். நெளிந்தவர் கதாநாயகன். கடைத்தெருவில் விலை விசாரித்தால்கூடக் கர்ஜிப்பது போலவே இருக்கும் என்பதால் அவர் ‘சிங்கம்’. அரிசி மணியளவே இருந்த மைக்கை அவர் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் ஒட்டினாள் காது. அதன் மெல்லிய கம்பியைப் பின்னங்கழுத்து வழியாக இறக்கி, இடுப்பில் கட்டியிருந்த சின்னப் பெட்டியில் செருகினாள்.

பெருந்தொற்று வந்தபோது ஊரில் முதலில் மூடியது நாடக அரங்கம்தான். கடைசியில் திறப்பதும் அதுதான். இதில் யாருடைய ஓரவஞ்சனையும் இல்லை. கடையில் சாமான் வாங்கினோமா, நடையைக் கட்டினோமா என்று இருக்கலாம். நாடகம் அப்படியல்ல. கதவைச் சாத்திக்கொண்டு, முன்பின் தெரியாத முந்நூறு பேர் இரண்டு மணி நேரம் ஒரே காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிற காரியம் அது. போதாததற்கு, கடைசி வரிசைவரை கேட்கட்டும் என்று அடிவயிற்றிலிருந்து வசனம் பேசுகிறவர்கள் வேறு.

இடைப்பட்ட காலத்தில் சிங்கம் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தார். “பார்சல்” என்று அவர் கீழே நின்று சொன்னால் நாலாவது மாடியில் கதவு திறக்கும். இயக்குநர் அம்மா, நடிகர்களை அவரவர் வீட்டில் உட்காரவைத்துக் கணினித் திரையில் நாடகம் போட்டுப் பார்த்தார். ஒருவர் சொன்ன நகைச்சுவை இன்னொருவர் காதில் விழுவதற்குள் அது ஆறி அவலாகியிருந்தது. இப்போது அரங்கத்தின் சொந்தக்காரர் ஒரு வாய்தா கொடுத்திருந்தார். ஜனங்கள் திரும்பி வந்தால் அரங்கம். வராவிட்டால் நாற்காலிகளைப் பெயர்த்துவிட்டுக் கிடங்காக்கி வாடகைக்கு விடுவார். இன்று மாலை முதல் நாடகம். அதில் சிங்கத்துக்குக் கப்பல் தலைவன் வேடம்.

மதியம் ஒத்திகை தொடங்கியது. காதின் முன்னால் ஒலிப் பலகை. அதில் ஒவ்வொரு மைக்குக்கும் மேலும் கீழும் நகர்த்தும் ஒரு பிடி உண்டு. மேலே தள்ளினால் அந்த நடிகரின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்கும். கீழே இறக்கினால் வெளியே எதுவும் வராது. ஆனால் பிடிக்கு மேலே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால், பிடி இறங்கியிருக்கும்போதும் மைக்கில் விழுவதெல்லாம் அவளுடைய ஹெட்போனில் மட்டும் கேட்கும். மைக்கை அணைக்க மறப்பது நடிகர்களுக்குக் கைவந்த கலை. அதனால் குழுவின் காதல், சண்டை, மாமியார் புராணம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ‘காது கேட்டதை வாய் சொல்லாது’ என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அதை அவள் மீறியதே இல்லை.

பொத்தானை அழுத்தியபோதுதான் அது கேட்டது. சிங்கம் திரைக்குப் பின்னால் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். ஒன்றல்ல, தொடர் இருமல்.

இடைவேளையில் போய்க் கேட்டாள். “என்னண்ணே, உடம்பு சரியில்லையா?”

“தூசிம்மா. எத்தனை நாளா பூட்டிக் கிடந்த இடம். திரையை உதறினா வண்டி வண்டியா கொட்டுது.”

“கண்ணு சிவந்திருக்கு.”

“வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டிய பொண்ணு நீ.” சிங்கம் குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு. இருமல் வர்ற மாதிரி இருந்தா நான் இடுப்புல கை வைக்கறேன். நீ மைக்கை இறக்கிடு. அம்மா காதுல போட்டுடாதே. பாவம், அவங்களே கலங்கிப் போயிருக்காங்க.”

அவள் இறக்கினாள். கைதேர்ந்த கலைஞரைப் போலவே இறக்கினாள். இருமுவதற்கு முன் மனிதன் குட்டியாக ஒரு மூச்சை இழுப்பான். அந்த மூச்சைப் பிடித்துவிட்டால் இருமல் வருவதற்குள் பிடியை இறக்கிவிடலாம். அந்த இடத்தில் கொஞ்சம் கடல் இரைச்சலைக் கூட்டிவிட்டால், கப்பல் தலைவன் அலையைப் பார்த்து யோசிக்கிறான் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒத்திகை முடிந்ததும் இயக்குநர் அம்மா, “இன்னைக்கு இவர் குரல் கண்ணாடி மாதிரி இருக்கு” என்றார். காதுக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை.

மாலையில் கதவு திறந்தது. முகக்கவசம் அணிந்த ஜனங்கள், ஒன்றுவிட்டு ஒன்றாக நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். யாரும் நினைக்காத அளவுக்குக் கூட்டம். மைக்குகளின் பேட்டரியைக் கடைசியாகச் சரிபார்க்கக் காது ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினாள். சிங்கத்தின் மைக்கில் ஒப்பனை அறை கேட்டது. பேசியது மேக்கப் மாமா. குழுவில் எல்லோருக்கும் அவர் மாமா. அவருக்கு ஆண்கள் எல்லோரும் மாப்பிள்ளைகள்.

“மாஸ்க்கைக் கழட்டு மாப்ளே. இந்த மூஞ்சியைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு. முன்னைக்கு இன்னும் கோணிப் போச்சு.”

“உங்க கை பட்டா நிமிர்ந்துடும் மாமா.”

“கைக்கு ஒரு கேடும் இல்லை. மூச்சுதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. அந்த நோய் வந்து போனதுல இருந்து மாடி ஏறினா நடுவுல உட்கார வேண்டியிருக்கு. இன்னொரு தடவை வந்தா நுரையீரல் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எம் பொண்ணு வாசல்ல நின்னு மறிச்சா. ‘நம்ம ஆளுங்கடி, ஒருத்தருக்கு லேசா முடியலைன்னாலும் முதல்ல எங்கிட்டதான் சொல்லுவாங்க’ன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நிமிரு. என்னப்பா, நெத்தி கொதிக்குது?”

“விளக்குச் சூடு மாமா. எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

பிறகு அந்தக் குட்டி மூச்சு. விழுங்கப்பட்ட ஓர் இருமல்.

காதின் கை பலகைமேல் அப்படியே நின்றது. ஒப்பனைக்காரரின் முகத்துக்கும் நடிகரின் முகத்துக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. ஒருவர் முகம் மூடி, மற்றவர் முகம் திறந்து, மூச்சோடு மூச்சு படும் வேலை அது. மதியத்திலிருந்து தான் எதை மறைத்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பிடியை மேலே தள்ளினால் போதும். அடுத்த இருமல் அரங்கம் முழுக்க முழங்கும். அவள் விரல் அதைத் தொடவும் செய்தது. ஆனால் ஒரு மனிதனை ஊருக்கு முன்னால் அப்படித் தோலுரிக்க மனம் வரவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினாள்.

“மாமா, வெளியே வாங்க.”

“ஒரு புருவம்தான் முடிஞ்சிருக்கு. இப்படியே அனுப்பினா கப்பல் ஒரு பக்கமா சாயும்.”

“அவருக்குக் காய்ச்சல் மாமா. மத்தியானத்துல இருந்து இருமறாரு.”

சிங்கம் கண்ணாடியில் அவளை முறைத்தார். “காது எப்ப வாயாச்சு?”

“நீங்க இருமறப்பல்லாம் நான் இறக்கினேன்ணே. சத்தம்தான் இறங்குச்சு. மூச்சை என்னால இறக்க முடியலை.”

சத்தம் கேட்டு இயக்குநர் அம்மா வந்தார். காது நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“ஆமா, காய்ச்சல்தான்” என்றார் சிங்கம். “நேத்து ராத்திரியே ஆரம்பிச்சிடுச்சு. அதுக்கென்ன இப்ப? எங்கப்பா செத்த அன்னைக்கே மேடை ஏறினவன் நான். இன்னைக்கு நான் ஏறலைன்னா நாளைக்கு இங்க மூட்டை அடுக்குவாங்க. யாருக்காக மறைச்சேன்? நம்ம எல்லாருக்காகவும்தான்.”

சிங்கம் சொன்ன மூட்டைகள் இயக்குநர் அம்மாவுக்கும் கண்முன் தெரிந்தன. மேக்கப் மாமா பின்னால் நகர்ந்து போய் ஜன்னலை அகலத் திறந்தார். கையிலிருந்த தூரிகையைக் கீழே வைக்க மறந்திருந்தார்.

“மாப்ளே, நீ மேடையில விழுந்தா ஊரே எழுந்து நின்னு கை தட்டும். நான் இந்த ரூம்ல விழுந்தா எம் பொண்ணு ஒருத்தி அழுவா. உன் உயிரை நீ தியாகம் பண்ணு. என் உயிரை என்னைக் கேக்காம எடுத்து நீ தியாகம் பண்ணலாமா?”

அவர் கோபப்பட்டிருந்தால் சிங்கம் பதிலுக்குக் கர்ஜித்திருப்பார். மாமா குரலை உயர்த்தாமல் கேட்டார். ஒற்றைப் புருவத்தோடே சிங்கம் முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“நீங்க உடனே ஒரு டாக்டரைப் பாருங்க மாமா” என்றார். “ஜனங்க உட்கார்ந்தாச்சே. இப்ப வெளியில போய் யாரு சொல்றது?”

“நீங்களே சொல்லுங்கண்ணே” என்றாள் காது. “வெளியில போக வேண்டாம். மைக் நெத்தியிலயே இருக்கு.”

அவரை அறையில் தனியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். திரை உயர்ந்தது. மேடையில் கப்பல் மட்டும் நின்றது, ஆள் இல்லை. காது பிடியை மேலே தள்ளினாள்.

“எல்லாருக்கும் வணக்கம். கேப்டனா வர வேண்டியவன்தான் பேசறேன். எனக்குக் காய்ச்சல். அதை மறைச்சிட்டு உங்க முன்னால வரப் பார்த்தேன். காய்ச்சலோட நடிச்சவன்னு பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவங்க நாங்க. இந்த நோய் வந்தப்புறம் அந்தப் பெருமைக்கு அர்த்தமே மாறிப் போச்சு. நோய் வர்றது யார் தப்பும் இல்லை. வந்ததை மறைச்சிட்டு நாலு பேர் நடுவுல போய் நிக்கறதுதான் தப்பு. அது கடமை இல்லை, தைரியமும் இல்லை. பக்கத்துல இருக்கறவன் நம்மளை நம்பி விடற மூச்சுக்குப் பண்ற துரோகம்.”

நடுவில் இருமல் வந்தது. அரங்கம் முழுக்க அது கேட்டது. காது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இயக்குநர் அம்மா மேடைக்கு வந்து கைகூப்பினார். முதலில் முணுமுணுப்பு எழுந்தது. “பஸ் பிடிச்சு வந்தோமே” என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். முன்வரிசையிலிருந்த இன்னொருவர், “சரி, எப்ப போடுவீங்க?” என்று கேட்டார்.

“அவர் தேறினதும். மத்த எல்லாரையும் பரிசோதிச்சப்புறம்.”

“அப்ப சொல்லி அனுப்புங்க. உள்ளதை உள்ளபடி சொல்ற இடம்னா நம்பி வரலாம்.”

கதவோரம் நின்றிருந்த அரங்கச் சொந்தக்காரர் அதைக் கேட்டுத் தாடையைத் தடவிக்கொண்டார்.

அப்போது நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள். “எழுந்திருங்க. காலையில இருந்து தொண்டை வலின்னு வெந்நீரா குடிச்சிட்டு, ஏசி காத்து ஒத்துக்கலைன்னு எங்கிட்டயே கதை விட்டீங்களே. அவரு ஊருக்கே சொல்லிட்டாரு, உங்களுக்குப் பொண்டாட்டிகிட்ட சொல்ல என்ன?”

சுற்றிலும் சிரிப்பு எழுந்தது. கணவர் தலையைக் குனிந்துகொண்டு, யார்மீதும் படாமல் ஒதுங்கி வெளியே நடந்தார். சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையில் இன்னொருவர் முகக்கவசத்துக்குள் இருமியபடி எழுந்தார். அவரை யாரும் கை பிடித்து இழுக்கவில்லை.