மூன்றாவது பந்து

தாஹிரா நான்காவது முறையாக எழுந்து ஜன்னலுக்குப் போனாள். பர்ஜானா கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒரு இடத்துல உட்காரேன் தாஹிரா. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

பார்க்கிறவர்கள் என்ன நினைத்தால் என்ன? உட்காரத்தான் முடியவில்லை. காலையில் கடலோரம் நடந்தபோது ஒட்டிய மணல் இன்னும் கால்விரல் இடுக்கில் உறுத்தியது. சல்வாரின் ஓரம் உப்பு காய்ந்து விறைத்துக் கிடந்தது. அதை மாற்றிக்கொள் என்று மூன்று பெண்கள் சொல்லிவிட்டார்கள்.

கீழே, கட்டடத்தின் முன்னால், வாஜித் தன் பிக்கப் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், நாற்பத்தைந்து வயது, மலை மாதிரி உடம்பு. ஜும்ஆ தொழுகை முடிந்ததிலிருந்து அங்கேயேதான் நிற்கிறான். மேலே வரவும் இல்லை, போகவும் இல்லை.

அவள் கணவர் முனவ்வர் காலை எட்டு மணிக்கு மைதானத்தில், நடுவராக நின்ற இடத்திலேயே விழுந்து இறந்துபோனார். பள்ளிவாசலில் குளிப்பாட்டுகிறார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு அமராத் மையவாடியில் அடக்கம். இருபத்திரண்டு வருஷ மஸ்கட் வாழ்க்கையில் பிள்ளை இல்லாத அந்த இருவருக்கும் வெள்ளிக்கிழமை என்றால் ஒரே ஏற்பாடுதான். விடியற்காலையில் அவருக்குக் கிரிக்கெட், அவளுக்குக் கடற்கரை. மேட்ச் முடிந்ததும் அவர் நடுவரின் வெள்ளைக் கோட்டோடு மணலுக்கு வருவார். இருவரும் பராத்தாவைப் பிரித்துத் தின்றபடி அலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்றைக்கு அவள் போன் பைக்குள், துண்டுக்கு அடியில் கிடந்தது. ஒன்பது அழைப்புகள். அவள் ஓடிவந்தபோது மைதானத்தில் ஸ்டம்புகள் மட்டும் நின்றன.

காலையிலிருந்து அவள் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக என்ன சொன்னார்?

"கலிமா சொன்னாரு பாபி, என் காதால கேட்டேன்" என்றான் அணித் தலைவன் அஷ்ஃபாக். அவன் பொய்யன் இல்லை, நல்லவன். ஆனால் தொப்பை வைத்த நாளிலிருந்து எல்லைக் கோட்டருகேதான் நிற்பான். பந்து இந்தப் பக்கம் வரக்கூடாதே என்று துஆ கேட்டுக்கொண்டிருப்பான். அங்கிருந்து நடு மைதானத்தில் பட்டாசு வெடித்தால்தான் கேட்கும். அவன் மனைவி பர்ஜானாவோ, "உன் பேரைத்தான் சொன்னாராம்" என்றாள். இரண்டும் அவளுக்காகச் சமைத்த சோறு. தொண்டையில் இறங்கவில்லை.

பேர் சொல்லியிருக்க வாய்ப்பும் இல்லை. விடியற்காலையில் சண்டை போட்டுத்தான் பிரிந்திருந்தார்கள்.

நேற்று மாலை மணலில் உட்கார்ந்திருந்தபோது, "அந்தப் படகு ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான்."

"எனக்கு ரெண்டாத் தெரியுது. வெயில் ஏறினா பந்து போடுற கோடும் ரெண்டாத்தான் தெரியுது." கண்ணைக் கசக்கிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதே. நாளைக்கு ஒரு மேட்ச். அப்புறம் நானே விட்டுடறேன்" என்றார்.

கண் தெரியாதவருக்கு எதற்கு நடுவர் வேலை என்று அவள் காலையில் வண்டியிலேயே கத்தினாள். இறங்கும்போது ஸலாம்கூடச் சொல்லவில்லை.

நாற்காலியில் அவருடைய வெள்ளைக் கோட்டு மடித்துக் கிடந்தது. மூச்சுவிடட்டும் என்று மைதானத்திலேயே கழற்றினார்களாம். தாஹிரா அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"எங்க போற? புருஷனை இழந்து இத்தாவுல இருக்கிறவ வாசல் தாண்டலாமா?"

"தாண்டிட்டு வந்து இத்தா இருக்கேன்."

வாஜித் அவளைக் கண்டதும் நிமிர்ந்து, தலையைக் குனிந்துகொண்டான்.

"பந்து போட்டது நீதானே?"

"ஆமா பாபி."

"அப்ப உனக்குத்தான் தெரியும். என்ன சொன்னாரு? எனக்குப் பிடிச்ச மாதிரி எதுவும் சொல்லாதே."

அவன் வண்டிக் கதவைத் திறந்தான், மூடினான்.

"நோ பால்னு கையை நீட்டினாரு. அப்புறம், 'திரும்பப் போடு'ன்னாரு. அவ்வளவுதான்."

தாஹிராவுக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் அவர். உயிரை எடுக்க மலக்குல் மவ்த் எதிரே வந்து நின்றாலும் கால் எங்கே என்றுதான் பார்த்திருப்பார். சிரித்த வாயோடு அவளுக்குக் கண்ணீரும் வந்தது.

வாஜித் சிரிக்கவில்லை.

"நான் சும்மா போயிருக்கலாம் பாபி. கத்திட்டேன். 'கண்ணு அவிஞ்சு போச்சா பாய்'னு கேட்டுட்டேன். இருபது வருஷத்துல அவர் சொன்னதை யாரும் மறுத்துப் பேசினதில்ல. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தாரு. அப்படியே உட்கார்ந்தாரு. சாய்ஞ்சுட்டாரு." குரல் உடைந்தது. "என் கால் கோட்டுக்கு உள்ளேதான் இருந்துச்சு. சத்தியமா. ஆனா அப்படிக் கத்திட்டு எப்படி நான் அவர் மையத்துக்குத் தோள் கொடுக்கிறது?"

கண்ணைப் பற்றி யாரிடமும் சொல்லாதே என்று கேட்டவர் இனி வந்து கேட்கப் போவதில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான் என்று இந்த ஊரே நம்புகிறது. அவர் விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். எதிரே ஒரு மனிதன் ஆயுசு முழுக்கச் சுமக்க ஒரு பாரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான்.

கோட்டைத் தோளிலிருந்து இறக்கினாள். பைகளின் மூடியும் பொத்தானும் அவள் தைத்தவை. குனியும்போது சோழிகள் விழுந்துவிடக் கூடாதென்று. ஓவரின் ஆறு பந்துகளை எண்ண அவருக்கு ஆறு சோழி வேண்டும். எல்லாம் அவள் கரையில் பொறுக்கித் தந்தவை. ஒவ்வொரு நல்ல பந்துக்கும் ஒரு சோழி இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். நோ பால் என்றால் சோழி நகராது. அது வாஜித்துக்கும் தெரியும், அணியில் எல்லோருக்கும் தெரியும்.

"எத்தனையாவது பந்து?"

"மூணாவது."

வலது பையைத் திறந்தாள். இரண்டு. இடது பையில் நான்கு.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இடது பையிலிருந்து ஒரு சோழியை எடுத்து வலது பைக்குள் போட்டாள். பொத்தானை மாட்டினாள்.

வாஜித் அந்தப் பையையே பார்த்தான். பிறகு அவள் முகத்தை. பிறகு வண்டியின் பக்கம் திரும்பி, அதன் கூரையில் நெற்றியை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் பார்க்காத மாதிரி நின்றாள்.

தெருமுனைப் பள்ளியில் அஸர் பாங்கு தொடங்கியது.

"வண்டியை எடு வாஜித்" என்றாள். "அவர் கனமான ஆளு. அஷ்ஃபாக் தூக்கினா பாதி வழியில மூச்சு வாங்குவான்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினான். அது தெரு திரும்பும்வரை நின்றுவிட்டு அவள் படியேறினாள். மடித்த கை மேல் தொங்கிய கோட்டு இரண்டு பக்கமும் ஒரே கனமாக இருந்தது.