ரஸ்கானா

ஹெல்காவும் நானும் ஹெல்சிங்கியில் ஓர் அகராதி அலுவலகத்தில் ஒரே அறையில் வேலை பார்த்தோம். நவம்பரில், ஏழாம் மாதத்தில், அவள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. விடுப்பு முடிந்து வந்தவளுக்கு எழுதக் கிடைத்த சொல் 'ரஸ்கஸ்'.

ஃபின்னிஷ் மொழியில் பாரமான என்று பொருள். பெட்டிக்கும் சொல்லலாம், வேலைக்கும் உறக்கத்துக்கும் சொல்லலாம். உருபு ஏறினால் ரஸ்கான், இன்னும் பாரமென்றால் ரஸ்காம்பி. 'ரஸ்கானா' என்றால் பாரமாக இருக்கும் நிலை. ஆனால் ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால், கர்ப்பமாக இருக்கிறாள் என்றுதான் எங்கள் காதில் விழும்.

எங்கள் பதிப்பாசிரியன் தாப்பானி தயங்கித் தயங்கி வந்து, என்னைக் காட்டிக் கேட்டான்.

"ஹெல்கா, இதை ஸிர்க்காகிட்ட குடுத்துடலாமா?"

"ஏன், எனக்குத் தாய்மொழி மறந்துபோச்சுன்னு நினைச்சியா?"

காது சிவக்கப் போய்விட்டான்.

சொல்லின் வேரைத் தேடினாள். எஸ்தோனியரிடமும் இருக்கிறது, அதற்கு அப்பால் யாருக்கும் உறுதியில்லை.

"காரணம் தெரியலைன்னு எழுதிடறேன் ஸிர்க்கா. டாக்டரும் அதைத்தானே சொன்னாரு" என்றாள்.

மற்றப் பொருள்களுக்கெல்லாம் உதாரணம் எழுதியவள், ரஸ்கானாவுக்கு மட்டும் வெற்றிடம் விட்டிருந்தாள். தாப்பானி கேட்டபிறகு எழுதினாள்: 'அவள் கர்ப்பமாக இருந்தாள்.'

"நல்லாருக்கு. நிகழ்காலமா மாத்திடேன், மத்ததெல்லாம் அப்படித்தானே இருக்கு" என்றான் அவன். கெட்ட எண்ணம் எதுவுமில்லை, பழக்கதோஷம்.

'இருக்கிறாள்' என்று திருத்தினாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

மாலையில் அவள் கணவன் ஐமோ துர்க்கு நகரத்திலிருந்து போன் செய்தான். "பிரசவ கிளினிக்ல உக்காந்திருக்காளாம். நர்ஸ் போன் பண்ணாங்க. நான் வர ராத்திரி ஆயிடும். நீ போறியா?"

ஓடினேன். வயிறு தள்ளிய பெண்களுக்கு நடுவே, மடியில் கையைக் கோத்து வைத்தபடி, நிதானமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஹெல்கா, வா, வீட்டுக்குப் போலாம்."

"இரு ஸிர்க்கா. என் பேரை இன்னும் கூப்பிடலை."

விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். அவள் எழவில்லை. கடைசியில் நர்ஸும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. அகராதி வெளியாகிவிட்டது. போனில் விசாரித்தால், "படுத்தேதான் இருக்கா" என்பான் ஐமோ. இப்போதெல்லாம் நானும் விசாரிப்பதில்லை.