மூன்று மணி வரை

ரொட்டிக்காரர் தன் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியைக் கணினியிலிருந்து பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தபோது மணி இரண்டு ஐம்பது. "முடிஞ்சிதும்மா" என்றார். பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த பிள்ளையின் முகம்.

முடியவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அரசு ஆஸ்பத்திரியின் கொள்முதல் பிரிவில் எழுத்தர் அவள். தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பும்போது, சப்ளையர்களுக்காகப் போட்டிருந்த அந்தக் கணினியின் திரை கண்ணில் பட்டுவிட்டது. காகிதங்கள் எல்லாம் ஏறியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை டிக். அதைப் பார்த்துத்தான் மனுஷன் ஏமாந்துபோனார். அடியில் 'சமர்ப்பி' என்ற பொத்தான் அமுக்கப்படாமலே இருந்தது. அதை அமுக்காதவரை டெண்டரில் அவர் கிடையாது. மூன்று மணிக்குத் தளம் தானாக மூடிக்கொள்ளும்.

பதினாறு வருடமாக வார்டுகளுக்கு ரொட்டி கொடுப்பவர். நடுவில் இரண்டு முறை டெண்டர் கைவிட்டுப் போனது. இரண்டு முறையும் எதிராளியின் விலை அவர் விலையைவிட மயிரிழைதான் குறைவு. அப்போதெல்லாம் உறையை ஒட்டித் தகரப்பெட்டியில் போடுவார்கள். திறப்பதற்கு முதல் நாளே ஆபீஸ் ஆட்கள் சிலர் அதை ஆவியில் காட்டிப் பிரித்து, வேண்டியவர்களுக்கு விலையைச் சொல்லிவிட்டு, திரும்ப ஒட்டிவிடுவார்கள். அவள் எழுத்தில் புகார் கொடுத்தாள். கைமேல் பலன் கிடைத்தது: மூன்று வருடம் பழைய கோப்பு அறையில் தூசி தின்றாள். டெண்டர் கணினிக்கு மாறியபோதுதான் திரும்பக் கூப்பிட்டார்கள். கடைசி நாளில் ஊழியர் யாரும் எந்த சப்ளையருக்கும் உதவக் கூடாது என்ற சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவளும் அவளே.

மதியமே அவர் கெஞ்சிப் பார்த்தார். "சித்த பக்கத்துல உக்காருங்கம்மா. எனக்குக் கண்ணக் கட்டுது."

"முடியாதுண்ணே. நான் உதவுனா, உறையப் பிரிச்சவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"அதுவும் நியாயந்தான்" என்று தனியாகவே மல்லுக்கட்டினார்.

சுவரோர பெஞ்சில், இதே டெண்டருக்கு வந்திருந்த பெரிய கம்பெனி ஒன்றின் ஆள் உட்கார்ந்திருந்தான். அவன் வேலை முடிந்து ஒரு மணி நேரமாகிறது. போனை நோண்டுகிற சாக்கில் அவளையே கவனித்துக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறந்தால் போதும், நாளைக்கே டெண்டர் ரத்து. புது முறையும் அதே லட்சணம்தான் என்று பேசுவார்கள். தகரப்பெட்டியைத் தூசி தட்டி எடுத்துவிடுவார்கள்.

அவர் வாசலை நெருங்கிவிட்டார்.

"அண்ணே!"

திரும்பினார். "என்னம்மா?"

பெஞ்சில் இருந்தவனின் விரல் போனில் அப்படியே நின்றது.

"மழை வர்ற மாதிரி இருக்கு. பாத்துப் போங்க."

போனார். அதற்குப் பிறகும் ஏழு நிமிடம் மிச்சமிருந்தது. அவள் இரண்டு முறை எழுந்தாள், இரண்டு முறையும் உட்கார்ந்தாள்.

மறுநாள் விலைகளைத் திறந்தபோது திரையில் இரண்டே பெயர்கள். குறைந்த விலை பெரிய கம்பெனியுடையது. ஒரு குறையும் சொல்ல முடியாத, சுத்தமான டெண்டர். கண்காணிப்பாளர் அவளைப் பார்த்து, "உங்களுக்குத் திருப்திதானே?" என்றார். அவள் தலையாட்டினாள்.

நாலாம் நாள் ரொட்டிக்காரர் வந்தார்.

"விலைய ஜாஸ்தி போட்டுட்டேனாம்மா?"

"உங்க விலைய யாருமே பாக்கலண்ணே. சமர்ப்பிங்கற பட்டன அமுக்காம எந்திரிச்சிட்டீங்க."

தன் உள்ளங்கையைப் பார்த்தார். "பதினோரு பேரு வேலை செய்றாங்க" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு, "உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது போல, கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னிக்கே. நீங்க எந்திரிச்சப்பவே."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"அப்ப, கூப்பிட்டது அதுக்குத்தானா" என்று மட்டும் சொல்லிவிட்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றிருந்தார். வெயில் இன்னும் தணியவில்லை. விளம்பரப் பலகை ஒன்றின் நிழல் மட்டும் நடைபாதையில் அவர் நின்ற இடத்தில் விழுந்திருந்தது. அவள் தள்ளியே நின்றாள். பஸ் வருவதாக இல்லை. வெகுநேரம் கழித்து, அவள் பக்கம் பார்க்காமலே அவர் இரண்டடி நகர்ந்தார். நிழலில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் உண்டானது.

அவள் வெயிலிலேயே நின்றாள்.