நாக்கில் ஏறாத உப்பு

அந்தக் கப்பலின் எஞ்சின் அறைக்குள் இறங்கியதும் தவச்செல்வன் மூக்கைப் பொத்திக்கொண்டான். ஆலங்குடாக் கரையில் நின்று பார்த்தால் தீப்பெட்டி அளவில் தெரிகிற நிலக்கரிக் கப்பல் அது. கிட்டப் போனால் துரு உதிர்கிற இரும்பு மலை. உள்ளே அதைவிட மோசம். கசிகிற குழாய்களைத் திருத்தாமல், அவற்றின் கீழே பழைய பெயின்ற் வாளிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நிறைந்த வாளியை ஊற்றவும் ஆளில்லை. வழிந்த எண்ணெயும் தண்ணீரும் அடித்தளத்தில் கறுப்புக் குழம்பாகத் தேங்கிக் கிடந்தன. ஆபத்து மணி ஓயாமல் அடித்திருக்கிறது. அதன் வாயில் பழந்துணியைத் திணித்துவிட்டார்கள். கடல்நீரைக் காய்ச்சி நல்ல தண்ணீராக்கும் இயந்திரமும் பழுது. மாலுமிகள் முறை வைத்துக் குளித்தார்கள். பக்கத்தில் வந்தால் அது யாரும் சொல்லாமலே தெரிந்தது.

அவனைக் கூப்பிட்ட காரியம் வேறு. அரித்துப்போன கடல்நீர்க் குழாய் ஒன்று வெடித்து, பெரிய எஞ்சினைக் குளிர்விக்கிற இரண்டு பம்புகளின் மோட்டர்களையும் நனைத்துவிட்டது. நனைந்த மோட்டரைக் காயவைக்காமல் ஓட்டக்கூடாது என்பது மோட்டர் கடைக்குத் தேத்தண்ணி கொண்டுவருகிறவனுக்கும் தெரியும். இவர்கள் ஒன்றை அப்படியே ஓட்டி எரித்திருந்தார்கள். மிஞ்சியது மற்றது. அதைக் கரைக்குக் கொண்டுபோய்க் கழுவி, காயவைத்து, வார்னிஷ் பூசித் திருப்பித் தரவேண்டும். அது ஓடினால்தான் கப்பல் நங்கூரம் தூக்கலாம். தென்மேற்குக் கச்சான் காற்று எழும்பினால் எஞ்சின் இல்லாத கப்பலுக்கு அந்தக் கடலில் இடமில்லை.

"எரிஞ்ச மோட்டரை ஆர் ஓட்டினது?" என்று கேட்டான்.

"நம்ம சீஃப் எஞ்சினியர்தான்," என்றான் செல்வின். கப்பலின் இரண்டாம் எஞ்சினியர், தூத்துக்குடிக்காரன். "எலக்ட்ரீசியன் போன துறைமுகத்துலயே எறங்கி ஓடிட்டான்."

"ஏன் ஓடினவர்?"

"அவனுக்கு மூக்கு இருந்துச்சு."

செல்வின் தன் பகிடிக்குத் தானே சிரித்தான். "மூஞ்சியச் சுளிக்காதலே தம்பி. நானும் மொத நாள் இப்படித்தான் சுளிச்சேன். இப்ப இதுக்குள்ளயே ஒக்காந்து சோறு திங்கேன். ஆமா, ஒங்கிட்ட கப்பல்காரன் புத்தகம் இருக்கா?"

இருந்தது. கொழும்பில் கப்பல் எஞ்சினியர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் தவச்செல்வன். அந்தப் படிப்பில் மிஞ்சியது மாலுமிப் புத்தகம் ஒன்றுதான். எந்தத் துறைமுகத்தின் முத்திரையும் விழாத வெறும் தாள்கள்.

"மோட்டர் ஓடட்டும். கேப்டன்கிட்ட நான் பேசுறேன். எஞ்சின் ரூம் கையாளா ஏறிக்க."

சொன்னவனின் நகங்களுக்குள் கறுப்பு அப்பியிருந்தது. அந்தக் கையைத்தான் தவச்செல்வன் இறுக்கிப் பிடித்துக் குலுக்கினான். கப்பல் நாறினாலும் அது நகரும். அவன் இருக்கிற இடம் நகராது. சண்டைக்குப் பயந்து வன்னியிலிருந்து வந்த தாயும் தகப்பனும் தற்காலிகம் என்று அகதி முகாமில் போட்ட தகரக் கொட்டிலில்தான் அவன் பிறந்தான். சண்டை முடிந்தும் கொட்டில் முடியவில்லை. மழைக்கு ஒழுகியது, வெயிலுக்கு வெந்தது. முகாமில் எல்லாரும் 'அடுத்த வருசம் திரும்பிப் போவம்' என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதை அவனுக்கு எஞ்சின் அறையைவிட நாறியது.

அவன் வேலை செய்த கடை தில்லையடியில். முதலாளி செய்னுலாப்தீன் நானா. உப்பளத்து மோட்டர், இறால் பண்ணை மோட்டர் என்று உப்புப்பட்டதெல்லாம் அங்கேதான் வரும். ஆகவே கடையில் ஒரு முறை இருந்தது. மோட்டரைக் கழுவுவது வண்ணாத்திவில்லுப் பக்கமிருந்து பவுசரில், அதாவது தண்ணீர் லொறியில், வருகிற நல்ல தண்ணீரில் மட்டும். கடைசியாக அலசி வடிகிற தண்ணீரை ஒருவர் நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்பில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் மோட்டர் பெரிய பல்புகள் எரிகிற தகரப் பெட்டிக்குள் காயப் போகும்.

கப்பல் மோட்டர் கடைக்கு வந்த அன்று நானா மன்னாருக்கு ஒரு மையத்து அடக்கத்துக்குப் போகவேண்டியிருந்தது. போகும்போது சொன்னார்:

"பவுசர் வரும்வரைக்கும் கை வெக்க வாணாம். உப்பு காஞ்சி கெடந்தா மெகர்ல காட்டாது. ஈரம் பட்டாத்தான் வேலயக் காட்டும். வெளங்கினா?"

"விளங்குது நானா."

மெகர் என்பது மோட்டரின் சுருளில் மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கிற கருவி.

பவுசர் வரவில்லை. வழியில் அச்சு முறிந்து நிற்கிறது, நாளைக்கும் நிச்சயமில்லை என்று சாரதி சொன்னான். கப்பலிலிருந்து செல்வின் திரும்பத் திரும்ப அழைத்தான். கடைசி அழைப்பில், அவனைக் கப்பலில் ஏற்றக் கேப்டன் ஓமென்றுவிட்டதாகச் சொன்னான். தவச்செல்வன் கடைக்குப் பின்னாலிருந்த கிணற்றைப் பார்த்தான். முகாமில் குடித்து வளர்ந்ததும் இதே மாதிரிக் கிணற்றுத் தண்ணீர்தான். பவுசர்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற குடும்பமல்ல அவனுடையது. குழாயைக் கிணற்றுப் பம்பில் மாட்டினான். மோட்டரை அலசினான், திரும்பவும் அலசினான். கடைசி நீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்தான். கண்ணை மூடி ஒழுங்காகத்தான் பார்த்தான்.

உப்பில்லை.

காயவைத்து எடுத்தபோது சுருள்களின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தூசி என்று துடைத்துவிட்டு வார்னிஷ் பூசினான். மெகரின் முள் கசிவில்லை என்று உச்சியில் ஏறி நின்றது.

பஸ்தியானின் படகில் மோட்டர் கப்பலுக்குப் போனது. பஸ்தியான் ஆலங்குடாவில் படகு வைத்திருக்கிறவர். கப்பல்களுக்கு மரக்கறியும் ஆட்களும் ஏற்றி இறக்குகிறவர். தவச்செல்வன் புதுச் சட்டை போட்டு, முதுகில் பையும் மாட்டியிருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா தம்பி, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"பாத்தாச்சு அண்ணன். இனி தாலிதான்."

மோட்டரைப் பம்போடு பொருத்தி நேர்படுத்த மறுநாளாகிவிட்டது. அவ்வளவு நேரமும் அது அந்த ஈரப் புழுக்கத்தில் கிடந்தது. குழாய்களெல்லாம் வியர்த்துச் சொட்டின. காலையில் ஓட்டினார்கள். சீராக இரைந்தது. செல்வின் அவன் முதுகில் தட்டினான். புதுச் சட்டையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன.

மத்தியானம் மோட்டருக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து இருவரும் சாப்பிட்டார்கள். குழைந்த சோறும், கெட்டுப்போகத் தொடங்கிய கோழியும். செல்வினுக்கு விக்கியது. கடையில் நிரப்பிக் கொண்டுவந்த போத்தலைத் தவச்செல்வன் நீட்டினான். ஒரு மிடறு வாய்க்குள் போனதும் செல்வின் சோற்றோடு சேர்த்துத் துப்பினான்.

"ஏலே! கடல்ல மோந்துட்டு வந்தியா?"

"எங்கட கடைக் கிணத்துத் தண்ணி. நல்லாத்தானே கிடக்கு."

"நல்லாக் கெடக்கா? வாயில வைக்க முடியல, அப்படிக் கரிக்கி! இதையா குடிக்கீங்க?"

தவச்செல்வன் போத்தலை வாங்கிக் குடித்துப் பார்த்தான். தண்ணீர். வெறும் தண்ணீர். செல்வின் இன்னும் துப்பிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. சுருளின் இடுக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தது தூசியல்ல.

"மோட்டரை நிப்பாட்டுங்கோ. ஒருக்காப் பாக்கவேணும்."

மெகரை மாட்டினான். கடையில் உச்சியில் நின்ற முள் பாதிக்கும் ஏறவில்லை.

"கிணத்துத் தண்ணியிலதான் கழுவினனான்," என்றான். "உள்ளுக்கு உப்புக் கிடக்கு. ஈரத்தை இழுக்குது. திரும்பக் கழட்டிக் கழுவவேணும்."

செல்வின் முள்ளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இப்ப ஓடுச்சுல்ல?"

"ஓடும். எவ்வளவு நேரமெண்டு சொல்லேலாது."

"சாயந்திரம் நங்கூரம் தூக்குறோம். எரிஞ்சா அடுத்த துறைமுகத்துல எரியட்டும். சீஃப்கிட்ட வாயத் தொறக்காத."

"நடுக்கடலில கச்சானுக்க எரிஞ்சா?"

"ஒனக்கு வேல வேணுமா, வேணாமா? ஒம் புத்தகம் கேப்டன் மேசையில கெடக்கு. முத்திர குத்தப்போற நேரத்துல ஞாயம் பேசுற!" சோற்றுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். "நீயும் கூடத்தான வரப்போற. எரிஞ்சா நீயே பாத்துக்க."

தவச்செல்வன் நிமிர்ந்தான். தலைக்கு மேலே மணியின் வாயிலிருந்து பழந்துணி தொங்கியது. அதற்குப் பக்கத்தில் வாளி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வாளி. வந்த நாளிலிருந்து இவர்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவன், தன் பங்குக்கு ஒரு வாளியைச் சுமந்து வந்து மாட்டியிருக்கிறான். புது வார்னிஷ் பூசிய வாளி. 

ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். செல்வின் ஓடிவந்து கையைப் பிடிக்கிறதற்குள் கறுப்புக் குழம்புக்குள் எறிந்தான். களக் களக் என்று விழுந்து மறைந்தன.

செல்வின் தாயையும் தகப்பனையும் சேர்த்து ஏசினான். சத்தத்துக்குச் சீஃப் வந்தார். அவர் ஏசியது என்ன மொழியென்று தவச்செல்வனுக்குத் தெரியவில்லை, அர்த்தம் தெரிந்தது. அவன் மெகரை மாட்டி, முள்ளைச் சுட்டிக் காட்டிக்கொண்டு நின்றான். ஏசி முடித்தவர் முள்ளைக் குனிந்து பார்த்தார். பிறகு மோட்டரைக் கழற்றச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மோட்டரும் பையும் அவனும் பஸ்தியானின் படகில் இறங்கினார்கள். கடைசியாக மாலுமிப் புத்தகம் மேலேயிருந்து வந்து விழுந்தது. படகின் அடியில் தேங்கியிருந்த மீன் கழுவிய தண்ணீரில் விழுந்தது.

"பொண்ணு வேணாமெண்டிட்டாவா?" என்றார் பஸ்தியான்.

"பொண்ணில பிழையில்லை அண்ணன். மாப்பிள்ளையிலதான்."

மறுநாள் பவுசர் வந்தது. நானாவும் வந்திருந்தார். வார்னிஷைக் கரைத்து எடுத்து, நல்ல தண்ணீரில் முதலிலிருந்து கழுவினார்கள். நானா அதிகம் ஏசவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"நாக்குல வெச்சிப் பாத்தியா, பாக்கல்லயா?"

"பாத்தனான் நானா. உப்பில்லை."

நானா வாளியில் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்தார். முகம் கோணியது. அவர் குருணாகல் பக்கத்தில் பிறந்தவர். இங்கே கல்யாணம் முடித்து வந்தவர்.

"யா அல்லாஹ்," என்றார். "இதக் குடிச்சா வளந்த?" பிறகு கையை உதறிக்கொண்டு, "இனி நீ பாக்க வாணாம். நாந்தான் பாப்பன்," என்றார்.

மோட்டர் திரும்பப் போனபோது கடையிலிருந்து வேறொருவன் அதோடு போனான். காற்று எழும்புவதற்கு முதல் கப்பலும் போய்விட்டது. நிலக்கரித் தூளைக் கரையில் படியவிட்டுப் போயிருந்தது.

தவச்செல்வன் கிணற்றடிக்குப் போய் வாய் நிறையத் தண்ணீரை எடுத்து, விழுங்காமல் வைத்திருந்தான். கன்னம் நோகும்வரை வைத்திருந்தான். ஒன்றும் தெரியவில்லை. துப்பினான். திரும்பவும் அள்ளினான்.